தலையைப் பிடித்தவள்

பதினெட்டு நிமிடம்தான், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லை, சிட்டிபாபு இருபத்தைந்து என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவன் கையில் கட்டர் இருந்தது, இரும்பை வெட்டுகிறவனுக்கு நேரம் நீளமாகத்தான் தெரியும், ஆனால் கலையரசிக்குத் தெரியும், ரேஸ் கார் டயர்ச் சுவரில் போய்ச் செருகியது மூன்று நாற்பத்தொன்றுக்கு, அவள் முட்டி போட்டு அந்தப் பையனின் ஹெல்மெட்டை இரண்டு பக்கமும் பிடித்தது நாற்பத்து மூன்றுக்கு, ஆம்புலன்ஸ் கதவு மூடியது நாலு ஒன்றுக்கு... பதினெட்டு. அத்தனை நேரமும் கை ஒரு நூல் நகரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறுகூட ஆகவில்லை, ரங்கசாமி குளம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள், கைகள் தோள்பையின் வாரைப் பிடித்திருக்கின்றன, அதே கைகள், நடுக்கம் இல்லை, வலி மட்டும் கொஞ்சம், முழங்கையிலிருந்து கட்டைவிரல் வரை. கிறிஸ்டோபர் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "வேன் வர அரை அவராவது ஆவும், ஒரு டீயாவது குடிச்சிக்கினு நில்லு" என்று சொல்லிவிட்டுத் தன் கம்பெனி பஸ்ஸை எடுக்கப் போய்விட்டான், ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் உண்டு, புருசன் ஆளை ஏற்றிக்கொண்டு போகிறான், பெண்டாட்டி அடிபட்டவனைத் தூக்கப் போகிறாள், இருவருக்கும் ஒரே ரோடு. நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவன் அதிகம் கேட்கவில்லை. பையனுக்கு எப்படி இருக்குது என்று மட்டும் கேட்டான். உயிருக்கு ஒன்றும் இல்லை என்றாள். அது உண்மை.

வாரநாளில் காஞ்சிபுரத்தில் ஆம்புலன்ஸ் வண்டியில் முதலுதவிக்காரி, ரேஸ் நடக்கும் சனி ஞாயிறுகளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து டிராக்கில் மீட்புக் குழுவில் ஒருத்தி. குழுவில் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு வேலை. நான்கு வருடத்துக்கு முன் முதல் பயிற்சியில், குழுவுக்குத் தலைவனான சிட்டிபாபு மற்ற நாலு பேரையும் ஆளுக்கொரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஏந்திக்கொண்டு நிற்கச் சொன்னான், மூன்று பேர் சட்டை நனைந்தது, அவள் டம்ளரில் ஒரு சொட்டுக் குறையவில்லை, "நீ தலை" என்றான், அன்றிலிருந்து அவள்தான் தலை. காருக்குள் மாட்டியவனின் தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்திருப்பது, மற்றவர்கள் வெட்டி, பிரித்து, இழுத்து, பலகையில் கட்டி முடிக்கும் வரை விடாமல் பிடித்திருப்பது. சும்மா பிடிக்கிறதுக்கு ஒரு ஆளா என்று டிராக்கில் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள், நினைக்கட்டும். அந்தப் பையன் குமாரவேல், கோயம்புத்தூர்க்காரன், இருபத்திரண்டு வயது, கடைசிக்கு முந்தின சுற்றில் பக்கத்துக் காரின் சக்கரத்தில் சக்கரம் உரசி, கார் அப்படியே எழும்பி... அவள் அதைப் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது, ஓடும்போது பெட்ரோல் வாசனை இருக்கிறதா என்று மூக்கு தானாகத் தேடியது. ஹெல்மெட்டுக்குள் கண்கள் திறந்திருந்தன. என் பேர் கலையரசி, உன் தலை என் கையில இருக்குது, எதையும் திரும்பிப் பார்க்காத, கேக்கணும்னா வாயால கேளு என்றாள், எல்லோரிடமும் சொல்கிற அதே வார்த்தைகள். ரேஸை நிறுத்திட்டாங்களா என்று கேட்டான். நிறுத்திட்டாங்க. யாரு முன்னாடி இருந்தாங்க... அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. பிறகுதான் அதைக் கேட்டான், காலை அசைக்கறேன், அசையுதாக்கா? டிராக் டாக்டர் அவன் உள்ளங்காலில் பேனாவால் ஒரு கோடு இழுத்தார், இன்னொரு காலில் இழுத்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்து ஒரே ஒரு முறை தலையை ஆட்டினார், இல்லை என்று. அசையுது, என்றாள் அவள். தெளிவாக. யோசிக்காமல்.

பொய் அவளுக்குப் புதிது இல்லை, அதை ஒப்புக்கொள்ள அவளுக்குக் கூச்சமும் இல்லை. திருப்புட்குழி திருப்பத்தில் லாரிக்கடியில் போன மொபெட், அந்த வீராசாமி, ஆம்புலன்ஸுக்குள் படுத்துக்கொண்டு அம்சா எங்கே அம்சா எங்கே என்று பெண்டாட்டியைக் கேட்டுக்கொண்டே வந்தார், பின்னாடி வண்டியில வர்றாங்க என்றாள், பின்னால் வண்டியே வரவில்லை, அம்சா ரோட்டோரம் வேட்டியால் மூடிக் கிடந்தாள். அன்றைக்குக் கலையரசி வீட்டுக்கு வந்து குளித்து, சோறாக்கி, நன்றாகத்தான் தூங்கினாள். ஆஸ்பத்திரி வாசல் வரை ஆளைச் சேர்க்க வேண்டும், அதற்குள் ரத்த அழுத்தம் ஏறக்கூடாது, பதறக்கூடாது, உண்மையைச் சொல்ல ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவள் சொல்கிற பொய்க்கு ஆயுசு இருபது நிமிடம். இறக்கி வைத்தால் முடிந்தது, யாருக்கும் அவள் முகம் ஞாபகம் இருக்காது, பேர் ஞாபகம் இருக்காது... டீ சுமாராகத்தான் இருந்தது. முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய வெளியூர்க் குடும்பம் ஒன்று வரதர் கோவிலுக்கு வழி கேட்டது, நேராப் போங்க என்றாள். புடவைக் கடைக்கு ஆள் பிடிக்கிற ஒருவன் அதற்குள் ஸ்கூட்டரில் அவர்கள் பின்னாலேயே போனான், சாமி கும்பிட்டுட்டு வாங்க சார், தறியிலயே காட்டுறேன் என்று.

நேற்று அவ்வளவு நடந்தும் இன்று மூன்று ரேஸ் இருக்கிறது. குழுவின் வாட்ஸப்பில் ராத்திரியே வந்துவிட்டது, அட்டவணைப்படி நடக்கும், ஏழரைக்குள் எல்லோரும் வந்துவிட வேண்டும். கிறிஸ்டோபர் அதைப் படித்துவிட்டு, ஒரு பையன் அங்க படுத்துக்கினு இருக்கான், இவங்க பாட்டுக்கு ஓட்டுவாங்களா என்றான். ஓட்டுவார்கள். ஓட்டாவிட்டால் அவன் எழுந்துவிடுவானா? கருட சேவை அன்று அவள் வண்டியோடு கோவில் வாசலில் நிற்கிறவள்தானே, கூட்டத்தில் ஆள் விழுந்தால் சாமிக் குடை நின்றுவிடுகிறதா, கொஞ்சம் ஒதுங்கும், விழுந்தவனைத் தூக்க ஓர் இடைவெளி கிடைக்கும், அந்த இடைவெளிக்குள் வேலையை முடிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான், அவளுக்குத் தெரியும். இன்றைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தால்தான் தவறு. இன்றைக்கும் யாராவது முட்டினால் தலையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள், பயிற்சியில் தண்ணீர் சிந்தின மூன்று பேரா?

போன் அடித்தது, தெரியாத எண், சிட்டிபாபு நேற்றே சொல்லியிருந்தான், யாரு போன் பண்ணாலும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்கன்னு சொல்லி வெச்சிடு, நம்ம வாயை விடக்கூடாது. எடுத்தாள். "கலையரசி அக்காங்களா? நான் தீபிகாங்க, குமாரவேல் தங்கச்சி. டிராக் ஆபீஸ்ல நம்பர் கேட்டு வாங்கினேன்." சின்னக் குரல், அழுது முடித்து வறண்டுபோன குரல். சொல்லும்மா என்றாள். "அண்ணன் ராத்திரி பூரா இதையே சொல்லிட்டிருக்கானுங்க. டிராக்குல கால் அசைஞ்சுது, தலையைப் புடிச்சிருந்த அக்கா பார்த்துச் சொன்னாங்கன்னு. இங்க டாக்டருங்க, மொதல்ல இருந்தே அசைவு இல்லைன்னு டிராக் டாக்டர் தாள்ல எழுதியிருக்குதுன்னு சொல்றாங்க. அப்படின்னா வெளிய எடுக்கறப்பத்தான் ஏதோ பண்ணிட்டாங்கன்னு அப்பா சத்தம் போட்டுட்டிருக்காருங்க. எனக்குத் தெரியணும். அசைஞ்சுதுங்களா, இல்லீங்களா?" ஆக, அந்தப் பொய் ராத்திரியைத் தாண்டி வந்துவிட்டது, பேரோடு, முகத்தோடு, அவள் கைகளையே குற்றம் சொல்லிக்கொண்டு... டிராக்கில் அசைந்த கால் ஆஸ்பத்திரியில் அசையவில்லை என்றால் நடுவில் அதைத் தொலைத்தது யார், பிடித்தவள்தானே. டாக்டர்கிட்ட கேட்டுக்கோம்மா என்று சொல்லிவிடலாம், தாள் இருக்கிறது, தாளில் உண்மைதான் இருக்கிறது, அவள் மேல் எதுவும் வராது. ஆனால் இந்தப் பெண் தாளைக் கேட்கவில்லையே.

"அசையலைம்மா" என்றாள். "டாக்டர் பேனாவால கீறிப் பார்த்தாரு, ரெண்டு கால்லயும் ஒன்னுமில்ல. நான் பார்த்துக்கினுதான் இருந்தேன். அசையுதுன்னு உங்க அண்ணன்கிட்ட சொன்னது பொய். நான்தான் சொன்னேன்." அந்தப் பக்கம் யாரோ ஏதோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம், சக்கரம் ஒன்று கீச்சிட்டது. பிறகு, "ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?" அதற்குப் பதில் தயாராக இருந்தது, எந்தப் பயிற்சி வகுப்பிலும் தைரியமாகச் சொல்லக்கூடிய பதில்: "இல்லைன்னு சொன்னா பதறிடுவாம்மா. பதறித் தலையைத் திருப்பினா கழுத்து அசைஞ்சிடும், இன்னும் மோசமாயிடும். தலை என் கையில இருந்துது." தீபிகா சரிங்க என்றாள். எட்டு மணிக்கு ஆபரேசனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றாள், குரலில் ஏதோ ஓர் இறுக்கம் தளர்ந்தது போல இருந்தது, குற்றம் சொல்ல ஆள் இல்லை என்றால் அதுவும் ஒரு நிம்மதியோ என்னவோ. "ஆனா அவன்கிட்டச் சொல்லப் போறதில்லீங்க. அசைஞ்சுதுன்னு நெனைச்சுட்டே உள்ள போகட்டும்." வந்த பிறகு? "வந்த பிறகு பார்த்துக்கலாங்க." நான் வேணா வந்து சொல்லட்டுமாம்மா, நான் சொன்னது, நானே வந்து... "வேண்டாங்க்கா. நீங்க சொன்னா நம்பிருவான். அதனாலதான் வேண்டாங்கறேன்."

போனைப் பைக்குள் வைத்தாள். பயம் இல்லை. செய்தது சரிதான், மறைக்க முடிந்ததை மறைக்கவில்லை, எத்தனை பேர் இப்படிச் சொல்லியிருப்பார்கள், தாளைக் காட்டித் தப்பித்திருப்பார்கள், அவள் தப்பிக்கவில்லை, அந்தத் தகப்பனின் சத்தம் இன்றைக்கு அடங்கிவிடும். பையனிடம் சொன்ன பொய் இப்போது தங்கையிடம் போய்விட்டது, அதை எப்போது இறக்கி வைப்பது என்று அந்தப் பெண் பார்த்துக்கொள்வாள், சின்னப் பெண்ணாக இருந்தாலும் குரலில் ஒரு பிடிப்பு இருந்தது... நீங்க சொன்னா நம்பிருவான். அது புகழ்ச்சியா? புகழ்ச்சி மாதிரிதான் கேட்டது, ஆனால் அப்படி இல்லை. ஹெல்மெட்டுக்குள் அந்தக் கண்கள் அவளை நம்பியதை அவள் பார்த்தாள், கண்ணிமை லேசாகத் தளர்ந்தது, அப்படியா என்று உதடு ஒரு பக்கம்... ஹெல்மெட்டுக்குள் உதடு எப்படித் தெரிந்தது? தெரிந்ததே, மீசை மேல் வேர்வை இருந்ததே. இல்லை, ஹெல்மெட்டை அதற்கு முன்பே கழற்றியிருக்க வேண்டும், சிட்டிபாபு கழற்றினான், அவள் கீழிருந்து தாங்கினாள், ஆமாம், அது முதலில். வரிசை அவளுக்கு எப்போதும் தவறாது, வேலையே வரிசைதானே.

வேன் ஆறரைக்குச் சரியாக வந்தது. முன் சீட்டில் சிட்டிபாபு, பின்னால் மற்ற மூவரும் அரைத் தூக்கத்தில். ஏறி உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள், அந்தப் பையனோட தங்கச்சி போன் பண்ணிச்சி, உண்மையைச் சொல்லிட்டேன் என்று. அவன் திரும்பிப் பார்த்தான். "இன்னா கலை, பேசாதன்னு சொன்னேன் இல்ல." சொன்ன, நான்தான் கேக்கல. வேன் ரயில்வே கேட்டைத் தாண்டியது, பிறகு, சரி விடு, இருக்கறதைத்தானே சொன்ன என்றான். ஏன் பொய் சொன்னேன்னு கேட்டாப்பா, தலையைத் திருப்பிடுவான்னுதான் சொன்னேன்னேன் என்றாள். சிட்டிபாபு சிரிக்காமல் சொன்னான்: "அவன் எங்கமா திருப்பறது? அவன் கேட்டப்போ பலகையில படுக்க வெச்சு, ரெண்டு பக்கமும் கட்டை கொடுத்து, நெத்தியில பெல்ட் இழுத்து எல்லாம் ஆயிடுச்சி. கையை எடு, கட்டியாச்சின்னு ரெண்டு தடவ சொன்னேன். நீ காதுலயே வாங்கல, புடிச்சிக்கினே இருந்த." இல்லையே, அப்போ என் கையிலதான... என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். கால். கால் காருக்குள் மூக்குப் பகுதியில் அல்லவா மாட்டியிருந்தது, அது உள்ளே இருக்கும்போது டாக்டர் எப்படி உள்ளங்காலில் பேனா வைத்திருப்பார், வெளியே எடுத்து, பலகையில் கிடத்தி, ஷூவைக் கழற்றிய பிறகுதானே... ஆமாம், நீல சாக்ஸ், டாக்டர் அதை உருவிப் பக்கத்தில் போட்டார். அப்படியானால் அவன் பதறினாலும் தலை அசைந்திருக்காது. பெல்ட் பிடித்திருந்தது. அவள் கைக்கு வேலையே இல்லை, பதினெட்டில் கடைசி மூன்று நாலு நிமிடம் அவள் சும்மாதான் பிடித்திருந்தாள், பிறகு யாருக்காக அதைச் சொன்னாள், அவனுக்கா, டாக்டர் தலையை ஆட்டியதைப் பார்த்துவிட்ட தனக்கா? தெரியவில்லை. அந்தப் பெண்ணிடம் அரை மணி நேரத்துக்கு முன் காரணம் சொன்னபோது பொய் சொல்கிறோம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லையே.

பொன்னேரிக்கரையில் வேன் பெங்களூர் ரோட்டில் ஏறியது, வெயில் கண்ணாடி வழியாக நேராக முகத்தில் அடித்தது. சிட்டிபாபு இன்றைய வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தான், கட்டர் நான், பலகை நீங்க ரெண்டு பேரும், மருந்துப் பை நீ, தலை... "தலைக்கு வேற ஆளை வெக்கட்டுமா கலை, இன்னிக்கு ஒரு நாள்? கை வலிக்குதா, நடுங்குதா?" அவள் இரண்டு கைகளையும் மடியில் விரித்துக் காட்டினாள், அசையவில்லை. "ஒன்னுமில்லபா, நான்தான் தலை" என்றாள், தெளிவாக, யோசிக்காமல், மற்ற மூவரும் உடனே நம்பித் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார்கள், சிட்டிபாபுவும் திரும்பிக்கொண்டான், அவளுக்கு மட்டும் அந்தக் குரல் காதில் நின்றது, நேற்று அசையுது என்று சொன்னபோதும் அது இப்படியேதான் இருந்தது.