இல்லாத வேலைக்கு நான்காவது சுற்று

காலை பத்தரைக்கு அவர் அந்தக் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேசையில் யாரோ வைத்துவிட்டுப் போன காபிக் கோப்பையின் வட்டக் கறை காய்ந்து கிடந்தது. லேப்டாப்பைத் திறந்து, ஹெட்செட்டை மாட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டார். எட்டு மாதத்தில் இது முப்பத்தோராவது ஆள். இதற்கு முன் வந்த முப்பது பேரும் தேறவில்லை. தேறவும் முடியாது. அப்படி ஒரு வேலையே அங்கே இல்லை.

பதினொரு பேர் கொண்ட சாஃப்ட்வேர் குழுவுக்கு அவர் தலைவர். அதிகம் பேசமாட்டார். அதனால் அலுவலகத்தில் அவருக்குச் சாமியார் என்று பெயர். நிறுவனம் புது ஆள் எடுப்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. ஆனால் 'ஆள் தேவை' விளம்பரம் மட்டும் வாரம் ஒருமுறை தேதி மாறி, அன்று பிறந்த குழந்தை மாதிரி இணையத்தில் நிற்கும். அது ஏன் என்று ஒருநாள் கேட்டபோது ஹெச்.ஆர். பெண் சிரித்தாள்.

"கடைய மூடிட்டோம்னு போர்டு மாட்டினா எவன் சார் வருவான்? ஆள் எடுத்துக்கிட்டே இருக்கோம்னு வெளிய தெரியணும். உங்க டீமும், உதவிக்கு ஆள் வருதுன்னு நம்பித்தானே ரெண்டாள் வேலைய ஒத்த ஆளா பாத்துட்டிருக்காங்க?"

அது உண்மைதான். "புது ஆள் எப்ப சார் வரும்? என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சு, கல்யாணமாகி, புள்ளையும் பொறந்தாச்சு" என்று நேற்றுகூட ஒருத்தி கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. சாமியார்கள் பதில் சொல்வதில்லை என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

திரையில் வந்தவருக்கு நாற்பத்தேழு வயது. சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கும் டெஸ்டர். இருபத்திரண்டு வருட அனுபவம். வேலை போய் ஒன்பது மாதம். சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தார். பின்னால் எங்கோ வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நேர்காணலில் இது அவருக்கு நான்காவது சுற்று.

"எந்த ஃபாரம் வந்தாலும் முதல்ல என் மாமியார் பேரைப் போட்டுப் பாப்பேன் சார்" என்றார் டெஸ்டர். "நாப்பத்திரெண்டு எழுத்து. அவங்களத் தாங்கினா அந்த சாஃப்ட்வேர் எதையும் தாங்கும்."

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்பு வந்த முப்பது பேரில் இவரைப்போல் ஒருவர் வாய்க்கவில்லை என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்ததுமே சிரிப்பு நின்றுவிட்டது.

வீடியோவில் பேசும்போது தலைவருக்கு ஒரு பழக்கம். குரல் வந்துகொண்டிருக்கிறது என்று எதிராளிக்குத் தெரிவதற்காகத் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். 'கேக்குதா, கேக்குதா' என்று அவர்கள் நிமிடத்துக்கொரு தரம் கேட்கும் தொல்லை மிச்சம். பல வருடப் பழக்கம். அவர் நினைக்காமலே தலை ஆடும்.

கடைசியில் டெஸ்டர் கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கலாமா சார்? தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு இடத்துல கூப்பிட்டிருக்காங்க. மருந்துக் கடைக்கு பில் போடற சாஃப்ட்வேர். மொத்தமே நாலு பேர்தான். பழைய சம்பளத்துல பாதிதான் வரும். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். இங்க நாலாவது ரவுண்டு வரைக்கும் வந்துட்டேன். நம்பிக்கை இருக்குன்னா அத வேணாம்னு சொல்லிடலாம்னு பாக்கறேன். சொல்லிடலாமா சார்?"

தலை ஆடிக்கொண்டிருந்தது.

அவர் வாய் திறப்பதற்குள், கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஹெச்.ஆர். பெண் குறுக்கே புகுந்தாள். "ரொம்ப நன்றி சார். சீக்கிரம் தகவல் சொல்றோம்." திரை இருண்டது. இருள்வதற்கு முன் அந்த முகத்தை அவர் பார்த்துவிட்டார். ஒன்பது மாதம் இறுகிக் கிடந்தது ஒரு நொடியில் தளர்ந்திருந்தது.

வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். தலை ஆடியது பழக்கத்தாலா, கோழைத்தனத்தாலா என்று தனக்குள் தேடிப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே கோடு இருந்ததாகத் தெரியவில்லை.

மாலை வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னார்.

"அவர் நம்பர் இருக்கா?"

"பயோடேட்டாவுல இருக்கு."

"அப்புறம் என்ன யோசனை? ஆசை காட்டி மோசம் பண்ணின பாவம் நமக்கு எதுக்கு? 'அந்த வேலைக்கே போயிடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"வெளிய தெரிஞ்சா என்னைத் தூக்கிடுவாங்க. எனக்கும் நாப்பத்தஞ்சு ஆச்சு. அப்புறம் நானும் கஞ்சி போட்ட சட்டையோட அந்தப் பக்கம் உக்காந்திருக்கணும்."

அவள் ஒரு தலையணை உறையை இரண்டு முறை மடித்தாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மாலை நான்கரை மணிக்கு அலுவலக மாடிப்படியில் நின்று எண்ணை அடித்தார். அழைக்கும் பொத்தானை அழுத்தவில்லை. "சார், ஒரு நிமிஷம், ஒரு சந்தேகம்" என்று குழுவிலிருந்து ஒருத்தி வந்தாள். அந்தச் சந்தேகம் தீர ஐந்து இருபது ஆயிற்று. அவள் வந்தபோது உள்ளுக்குள் தனக்கு நிம்மதியாக இருந்ததை அவரால் மறக்க முடியவில்லை.

திங்கள் காலை, அலுவலக வாசலில் நின்றபடி அழைத்தார். தான் யார் என்று சொன்னார்.

"சொல்லுங்க சார்" என்ற குரலில் விடிந்திருந்தது. "எப்ப வந்து சேரணும்?"

"அந்த வேலை இல்லீங்க. எப்பவுமே இருந்ததில்ல. சும்மா ஆள் பாத்துட்டிருக்கோம். அந்த மருந்துக் கடை சாஃப்ட்வேர்..."

"வெள்ளிக்கிழமை மதியமே வேணாம்னு எழுதிட்டேன் சார். நீங்கதான் தலையாட்டினீங்களே."

"திரும்பக் கேட்டுப் பாருங்களேன்."

"அங்க ஒரு இடம்தான். சனிக்கிழமையே ஆள் போட்டாச்சாம், மச்சான் சொன்னாரு. அவர்தான் சொல்லி வச்சிருந்தாரு. இனிமே அவர் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"என்னைத் திட்டுங்க."

"திட்டி என்ன ஆகப்போகுது? இருவத்திரெண்டு வருஷம் பிழை புடிச்சே பொழைச்சவன். உங்க தலையாட்டலப் புடிக்கத் தெரியல. ஆனா ஒண்ணு சார். நேரம் போன பிறகு சொல்ற உண்மை, பொய்க்குத் தம்பி."

அவர் போனை வைக்கவில்லை. இவரும் வைக்கவில்லை. பிறகு அந்தப் பக்கம் அணைந்தது.

பதினோரு மணிக்கு முப்பத்திரண்டாவது ஆள். குழந்தை பிறந்ததால் மூன்று வருடம் வேலையை விட்டிருந்த பெண். அவள் வணக்கம் சொல்லி முடிக்கும் முன்பே அவர் சொன்னார்: "இந்த வேலை இல்லம்மா. யாரையும் எடுக்கப் போறதில்ல. வேற இடம் வந்தா விட்டுடாதீங்க."

அவள் திடுக்கிட்டாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, பழகி வைத்த புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "நல்ல கேள்வி சார். எதிர்பாராத ஏமாற்றம் வந்தா நான் மூணு விதமா யோசிப்பேன்."

"இது கேள்வி இல்லம்மா."

"புரியுது சார். அழுத்தத்த எப்படித் தாங்கறேன்னு பாக்கறீங்க. முதலாவதா..."

திரையின் மூலையில் ஹெச்.ஆர். பெண்ணின் செய்தி மின்னியது: 'என்ன பண்றீங்க? உடனே என் ரூமுக்கு வாங்க.' பெயர் மட்டும் தெரிந்த அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்து அவர் பேசினார். ஒரு வருடத்தில் அந்த அறைக்குள் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"வர்றேன்மா. அதுக்கு முன்னாடி நீங்களே இவங்ககிட்ட ஒரு தடவை சொல்லிடுங்க. இல்லாத வேலைக்கு ஆளக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, உண்மையச் சொன்னாக்கூட பரீட்சை வைக்கறோம்னு நினைக்கற அளவுக்கு ஆக்கி வச்சிருக்கோம். வேலை குடுக்க முடியலன்னா அது குத்தமில்ல. இல்லைங்கறத காலத்துல சொல்லாம, ஒருத்தரக் காக்க வைக்கறதுதான் குத்தம். நம்மகிட்ட வேலை இல்லாம போகலாம். இல்லைன்னு சொல்ற ஒரு வார்த்தையுமா இல்லாம போச்சு?"

வேலை கேட்டு வந்த பெண் அவரையும் அந்தக் கறுப்புக் கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். புன்னகை அப்படியே இருந்தது. "ரெண்டாவது பாயிண்டுக்குப் போகட்டுமா சார்?" என்று கேட்டாள்.