பச்சை மிதவைக்கு முன்னால்

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பியவளை அண்ணன் மாடிப்படி அடியில் மறித்துக்கொண்டான்.

"கம்பெனி அதிகாரியம்மா இன்னைக்கு கப்பல்லயே வர்றாங்களாம். தெரியும்ல?"

"தெரியும்."

"ஏழு மணிக்கு கரையில கட்டிடு பாப்பா. கொஞ்சம் பிந்தினாலும் அதையே சாக்கா வச்சுக்குவாங்க."

"காத்து என்ன சொல்லுதுன்னு பாக்கணும் அண்ணா."

"காத்து எப்பவும் ஏதாவது சொல்லிக்கிட்டேதான் இருக்கும். நீ காது குடுக்காத."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு கண்வரை வரவில்லை.

அவள் அந்தத் துறைமுகத்தின் நான்கு பைலட்டுகளில் ஒருத்தி. எத்தனை கடல் கண்ட கேப்டனாக இருந்தாலும் ஒவ்வொரு துறைமுகத்தின் மணலும் நீரோட்டமும் வளைவும் அங்கேயே கிடப்பவர்களுக்குத்தான் அத்துப்படி. அதனால் பைலட் ஏறி நின்று வழி சொல்லாமல் பெரிய கப்பல் எதுவும் உள்ளே வர முடியாது. அண்ணன் பயணிகள் முனையத்தில் பெட்டி தூக்குபவர்களுக்கு மேஸ்திரி. அன்று வரவிருந்தது, ஊருக்குத் தாய்த் துறைமுகம் என்று பெயர் வாங்கிக்கொடுத்த உல்லாசக் கப்பல். பயணம் தொடங்குவதும் முடிவதும் இங்கேதான். சனிக்கிழமைதோறும் இரண்டாயிரத்து எண்ணூறு பேர் இறங்குவார்கள், சாயங்காலத்துக்குள் அதே அளவு பேர் ஏறுவார்கள். அவர்களுடைய பெட்டி முழுக்க அண்ணனுடைய எண்பது ஆட்களின் கை வழியாகத்தான் போகும். படுக்கை விரிப்பு துவைக்கும் சலவைக்கூடம், காய்கறி லாரி, டாக்சி என்று பாதி ஊர் அந்த ஒரு கப்பலை நம்பி இருந்தது.

கம்பெனி கப்பலை வேறு துறைமுகத்துக்கு மாற்றப் போகிறது என்ற பேச்சு மூன்று மாதமாகவே காதோடு காதாக ஓடிக்கொண்டிருந்தது. போன ஆறு வாரத்தில் இரண்டு முறை காற்றுக்காகக் கப்பலை வெளியே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. பேச்சுக்கு அதுவே எண்ணெய் ஊற்றியது.

பைலட் படகு அவளைக் கப்பலின் பக்கவாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. கயிற்று ஏணியைப் பிடித்து ஏறும்போதே காற்று சட்டையைப் பிடுங்கியது. மேலே கட்டுப்பாட்டு அறையில் கேப்டன் கைகொடுத்தார். அவருக்குப் பின்னால் சாம்பல் நிறக் கோட்டில் ஓர் அம்மாள் நின்றிருந்தாள். எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட வேண்டும் என்று கம்பெனியில் முடிவெடுப்பவள் அவள்தான்.

"காத்து எவ்வளவு?" என்று கேட்டாள் பைலட்.

"இருபத்திரண்டு நாட். உங்க வரம்பு இருபத்தஞ்சுதானே?" என்றார் கேப்டன்.

"ஆமா. இடப்பக்கம் இருந்து அடிக்குது. போய்ப் பாக்கலாம். பச்சை மிதவை வர்றதுக்குள்ள முடிவு பண்ணிடணும்."

அந்த மிதவைதான் எல்லை. அதற்கு வெளியே கடல் அகலம், கப்பலைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். அதைத் தாண்டினால் கால்வாய் சுருங்கிவிடும். ஒரு பக்கம் கல் அணை, மறுபக்கம் மணல்மேடு. நிற்கவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை.

கப்பல் மெல்ல நகர்ந்தது. பன்னிரண்டு மாடி உயரச் சுவர் மொத்தமும் காற்றுக்கு விலாவைக் காட்டிக்கொண்டு போனது. இருபத்துமூன்று. இருபத்துநான்கு. மூக்கைக் காற்றுப் பக்கம் சாய்த்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடத்திக்கொண்டே வந்தாள். நேராகப் போகும் கப்பலுக்குத்தான் கால்வாய் போதும். சாய்ந்து போகும் கப்பலுக்கு அகலம் கூடுதலாக வேண்டும்.

வானொலியில் துறைமுக மேலாளரின் குரல் வந்தது. "எல்லாம் சரியா இருக்கா? முனையத்துல ஆளுங்க ரெடி. ஏழுக்கு எதிர்பாக்கறோம்."

"பாத்துக்கிட்டு வர்றோம் சார்."

மிதவைக்கு இன்னும் அரை மைல். காற்றுமானியின் முள் இருபத்தாறைத் தொட்டு இறங்கியது. கூட வந்த இழுவைப் படகுகள் இரண்டும் முன்னாலும் பின்னாலும் நுரை கக்கிக்கொண்டிருந்தன. அவளுக்கு அண்ணனின் ஆட்கள் வரிசையாகக் கையுறை மாட்டிக்கொண்டு நிற்பது கண்ணில் வந்து போனது. அப்போது ஒரு வீச்சு வந்தது. கப்பலின் மூக்கு ஒரு நொடி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முள் முப்பத்தொன்றில் நின்றது.

வீச்சு அடங்கிவிடும். அடங்கினால் இன்னும் பதினைந்து நிமிடத்தில் உள்ளே. இன்னொன்று வந்தால்?

"கேப்டன், நான் திருப்பச் சொல்றேன்."

கேப்டன் சாம்பல் கோட்டைப் பார்த்தார். பிறகு முள்ளைப் பார்த்தார். "திருப்புங்க."

"உள்ள வாங்கம்மா, இந்த நேரத்துல என்ன இது" என்று மேலாளர் வானொலியில் ஆரம்பித்தார். அவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. மூக்கை இடப்பக்கம் காற்றுக்குள் தள்ளினால் வால் வலப்பக்கம், மிதவைக்கு வெளியேயும் நீண்டு கிடந்த மணல்மேட்டை நோக்கி வீசும். முன்னால் இருந்த படகை முழு வலுவோடு இழுக்கச் சொன்னாள். பின்னால் இருந்ததைக் காற்றுக்கு எதிராகப் பிடித்து நிற்கச் சொன்னாள். ஆழம் காட்டும் எண்ணை ஓர் அதிகாரி சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். வாலுக்கு அடியில் ஆறு மீட்டர். ஐந்து. நான்கு. மூன்றரை. மூன்றரையிலேயே நின்றது. கேப்டனின் விரல்கள் மேசை விளிம்பில் வெளுத்திருந்தன. நான்கு. ஐந்து. கப்பல் காற்றை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு ஆழத்துக்கு நகர்ந்தது.

அவள் வானொலியை எடுத்து, காற்று தணிந்ததும் வருகிறோம் என்று மேலாளரிடம் சொன்னாள்.

காற்று தணிய ஐந்து மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் சாம்பல் கோட்டுக்காரி ஒரு கோப்பைக் காபியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க செஞ்சது சரி. அதையும் எழுதுவேன்."

"கப்பலை எடுத்துட்டுப் போயிடுவீங்களா?"

அந்த அம்மாள் காபியை ஒரு வாய் குடித்தாள். "அது ரெண்டு மாசம் முன்னாடியே முடிவாயிடுச்சு. அடுத்த வருஷம் இந்த வழியில புதுக் கப்பல் விடறோம். முந்நூத்தி நாப்பத்தஞ்சு மீட்டர். உங்க துறைமுகத்துக்குள்ள கப்பல் திரும்பற இடம் மொத்தமே முந்நூத்தி அறுபது. அதுக்குள்ள அது திரும்பாது. நாங்க மாறப் போற துறைமுகத்துல பெரிய விமான நிலையம் இருக்கு, தீவுகளும் கிட்ட. ஒரு நாள் எரிபொருள் மிச்சம். நான் வந்தது இந்தக் கடைசி மாசங்களை எப்படி ஓட்டறதுன்னு பாக்கத்தான்."

"இதை ஊருக்குச் சொல்வீங்களா?"

"அறிக்கையில வானிலைன்னு வரும். வானிலைன்னு சொன்னா யாருக்கும் கோவம் வராது."

பைலட்டுக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. "எனக்கு வரும்" என்றாள்.

அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

மத்தியானம் கப்பலைக் கரையில் கட்டியபோது பாதிப் பயணிகள் விமானத்தைத் தவறவிட்டிருந்தார்கள். பெட்டிகள் கூடம் முழுக்க மலையாகக் குவிந்தன. அண்ணன் அவளைப் பார்த்தும் பார்க்காதவன் போலக் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினான்.

பத்தாம் நாள் அறிக்கை வந்தது. "நுழைவாயிலில் அடிக்கடி ஏற்படும் வானிலைத் தாமதங்கள் காரணமாக" என்றுதான் தொடங்கியது. ஊர் அதற்குமேல் படிக்கவில்லை. டாக்சி நிறுத்தத்தில் அவள் நடந்து போனாலே பேச்சு சட்டென்று நின்றுவிடும். வீட்டில் அவள் வந்து உட்கார்ந்ததுமே அண்ணன் எழுந்து, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அண்ணிதான் இருவருக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள். "அவர்கிட்ட நீயே பேசும்மா. எனக்கு ரெண்டு பக்கமும் இடி" என்றாள்.

மறுநாள் பெட்டிக் கூடத்தில் தொழிலாளர்கள் கூட்டம். அழைக்காமலே போனாள். முணுமுணுப்பு எழுந்தது. பெட்டியில் ஒட்டும் டேப் ஒரு சுருளை எடுத்துத் தரையில் குனிந்தாள். முப்பத்தாறு அடி அளந்து ஒரு கோடு ஒட்டினாள். பக்கத்தில் முப்பத்துநாலரை அடிக்கு இன்னொன்று.

"ஒரு அடின்னா பத்து மீட்டர். பெரிய கோடு நம்ம துறைமுகத்துல கப்பல் திரும்பற இடம். சின்னது அவங்க கொண்டுவரப் போற புதுக் கப்பல். இந்த ஒன்றரை அடி இடைவெளியில அதைத் திருப்பிக் காட்டறவங்க இருந்தா, பைலட் வேலையை அவங்களுக்கே குடுத்துடறேன்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கப்பலில் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். இரண்டு மாதம் முன்பே முடிந்த கதை என்றதும் கூடத்தில் ஒரு பெருமூச்சு பரவியது. அப்போதுதான் அண்ணன் எழுந்தான்.

"ஒரு கேள்வி. அன்னைக்குத் திருப்பச் சொன்னப்போ இது உனக்குத் தெரியுமா?"

அவள் எதிர்பார்த்துப் பயந்த கேள்வி அதுதான். "தெரியாது."

"உள்ள கொண்டுவந்தா கப்பல் நமக்குத் தங்கும்னு நினைச்சுக்கிட்டேதான் திருப்பின?"

"ஆமா."

"கொண்டுவந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"பத்துக்கு ஒன்பது தடவை ஒண்ணும் ஆகியிருக்காது."

"மீதி ஒண்ணு?"

"கப்பல்ல ரெண்டாயிரத்து எண்ணூறு பேர் இருந்தாங்க அண்ணா."

எண்பது பேரும் அண்ணனின் வாயைப் பார்த்தார்கள். அவன் தரையில் கிடந்த இரண்டு கோடுகளையும் பார்த்தான். பிறகு எல்லோரிடமும் திரும்பி, "இனி யாரும் இவளைப் பத்திப் பேசறதா இருந்தா என் முகத்தைப் பாத்துப் பேசுங்க" என்றான். அதோடு உட்கார்ந்துவிட்டான். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இருந்தாலும் அடுத்த வாரம் மேலாளர் அறைக்குப் போனபோது அவன் கூடவே வந்தான். திரும்பும் இடத்துக்குள் அடங்கும் சிறிய கப்பல்கள் வைத்திருக்கும் கம்பெனிகளுக்குத் துறைமுகமே எழுத வேண்டும் என்று இருவரும் வற்புறுத்தினார்கள். மேலாளர் முதலில் மென்று விழுங்கினார், பிறகு எழுதினார். பல மாதம் கழித்து ஒரே ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, அறுநூறு பேர். எண்பது பேரில் முப்பது பேருக்குத்தான் அது போதுமாயிருந்தது. மற்றவர்கள் சரக்குக் கிடங்குக்கும் வெளியூருக்கும் போனார்கள். சலவைக்கூடத்தில் பாதி இயந்திரங்களுக்கு உறை போட்டார்கள்.

அதற்கெல்லாம் முன்பு, பெரிய கப்பல் கடைசியாகப் புறப்பட்ட சாயங்காலம் அதை வெளியே கொண்டுபோகும் முறை அவளுக்கு வந்தது. கடல் தட்டையாகக் கிடந்தது. கேப்டன் கைகுலுக்கி விடை கொடுத்தார். ஏணியில் இறங்கிப் படகில் திரும்பி வந்தபோது, பைலட்டுகள் தவிர யாரும் வராத அந்தச் சின்னத் துறையில் அண்ணன் தன் பழைய வண்டியை நிறுத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தான். படகிலிருந்து காலெடுத்து வைத்தவளுக்குக் கை நீட்டினான்.

"ஏறு பாப்பா. உங்க அண்ணி சாப்பிடாம உக்காந்திருக்கா. நாம ரெண்டு பேரும் சேர்ந்து போகலைன்னா இன்னைக்கு எனக்கும் சோறு கிடையாதாம்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.