பக்கி உட்காரும் ரோடு

பக்கி என்பது எங்கள் பக்கம் திட்டுகிற வார்த்தை. எனக்கு அது என் தாலியை அறுத்த பறவை. காக்கா அளவுகூட இருக்காது, மண் நிறம். இருட்டும் வெளிச்சமும் கலக்கிற நேரத்தில் நடு ரோட்டில் வந்து உட்காரும். வண்டி முட்டுகிற வரைக்கும் நகராது. லைட் பட்டால் கண் ரெண்டும் சிவப்பாக எரியும்.

என் வீட்டுக்காரர் மணவாளன், 2007 மார்கழியில், பண்ருட்டியிலிருந்து திரும்பும்போது அதன் மேல் ஏற்றக்கூடாது என்று வண்டியை ஒடித்து, வளைவில் இருக்கிற புளியமரத்தில் மோதினார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், “குறுக்க பக்கி உக்காந்திருந்திச்சி கொளஞ்சி” என்று என் பேரைச் சொல்லி முனகினார். அதுதான் கடைசிப் பேச்சு. பெண்டாட்டி பிள்ளையை நினைக்காமல் ஒரு குருவிக்கு இரக்கப்பட்ட மனுஷன் மேல் எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை.

இப்போது என் மகள் அருள்மொழி அதே ரோட்டில் ஸ்கூட்டியில் வருகிறாள். பண்ருட்டியில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறாள். அப்பனின் மனசு அவளுக்கும். எறும்பைக்கூட மிதிக்க மாட்டாள். அதனால் அவள் வருகிற நேரத்துக்கு வளைவில் போய் நின்று, முந்தானையை வீசிப் பக்கிகளை விரட்டுவேன். ஸ்கூட்டி சத்தம் கேட்டதும் புதருக்குள் ஒளிந்துகொள்வேன். பார்த்தால் திட்டித் தீர்த்துவிடுவாள். வீட்டில் கேட்டால், ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனேன் என்பேன்.

அன்றைக்கு ஸ்கூட்டி வரவில்லை. நன்றாக இருட்டிவிட்டது. எங்கோ தரையிலிருந்து பக்கி மட்டும் சக் சக் என்று கத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஓடினால், வாசலில் ஸ்கூட்டி நிற்கிறது. இவள் உள்ளே டீ குடித்துக்கொண்டிருக்கிறாள்.

“எந்த வழியாடி வந்த?”

“முந்திரித் தோப்பு வழியா. இனிமே அப்டித்தான் வருவேன்.”

தோப்புக்குள் வெறும் மண்தடம். அங்கேதான் பக்கிகள் ஜாஸ்தி.

“அந்த வழி ஆவாதுடி. ரோட்டுக்கு என்ன வந்திச்சி?”

“வளைவுல பேய் நிக்கிதும்மா. நேத்து லைட் வெளிச்சத்துல நானே பாத்தேன்.”

நேற்று ஒளிவதற்குள் என் முந்தானை முள்ளில் மாட்டிக்கொண்டது. சிரிப்பு முட்டியது. பெற்ற தாயையே பேயாக்கிவிட்டாளே என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஒண்ணு இல்லம்மா, ரெண்டு,” என்றாள். “ஒரு பொம்பள முந்தானைய புடிச்சி இழுத்துக்கிட்டு நின்னிச்சி. ரோட்டுமேல ஒரு ஆம்பள, குனிஞ்சி எதையோ வெரட்டிக்கிட்டு இருந்தான்.”

அந்த வளைவுக்கு என்னோடு ஒரு நாளும் யாரும் வந்ததில்லை.

“மொகத்த பாத்தியா?”

“திரும்பவே இல்லம்மா.”

எனக்கு அழுகை வந்தது. அவள் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“நீ ரோட்டு வழியாவே வாடி,” என்றேன். “அவுங்க உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க.”