சில்வண்டுகளின் மேல் பழி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் போர்ட் பிளேரில் எனக்கு வயர்லெஸ் வேலை. கப்பல்கள் அனுப்பும் மோர்ஸ் ஒலியைக் கேட்டு எழுத வேண்டும். அப்போது பார்த்து என் காதுகளில் ஓயாத இரைச்சல் தொடங்கியது. செய்தி எது, இரைச்சல் எது என்று பிரிக்க முடியவில்லை. இன்னொரு பிழை வந்தால் வேலை போய்விடும் என்றார் அதிகாரி.

எல்லாம் சில்வண்டுகளின் வேலை என்று நம்பி, கராச்சர்மா பகுதியில் இருந்த எங்கள் வீட்டைச் சுற்றி அரைக் காட்டை வெட்டித் தள்ளினேன். வெயில்தான் வந்தது, இரைச்சல் போகவில்லை. தலையைக் கழற்றிக் கடலில் வீசிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மனைவி நீலாவதி என்னைப் பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

“காதுக்குப் பல் டாக்டரா? பாகலாடி நீ, பைத்தியமா?”

“தூக்கத்துல நீங்க நறநறன்னு பல்லைக் கடிக்கிறது பக்கத்து ஊரு பத்துபஸ்தி வரைக்கும் கேக்குது. பேசாம வாங்க.”

டாக்டர் தாடையை அமுக்கினார். இரைச்சல் சட்டென்று ஏறியது.

“கடிச்சுக் கடிச்சுத் தாடை இறுகிப்போச்சு. அதான் காதுல கத்துது” என்றவர், அச்செடுத்துப் பற்களுக்கு ஓர் உறை செய்து கொடுத்தார். குதிரைக்கு லாடம் அடித்ததுபோல் இருந்தது. ஆனாலும் தினமும் மாட்டிக்கொண்டுதான் தூங்கினேன்.

சில வாரங்களில் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்கு நடுவே கல்கத்தா கப்பலின் செய்தி தெளிவாகக் கேட்டது. ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதி முடித்து, அங்கேயே அழுதேன். கடல் மட்டம் ஓரங்குலமாவது ஏறியிருக்கும்.