அண்ணன் நிறுத்திய மாத்திரை

தம்பியின் ஒரு கன்னத்தில் இன்னும் நுரை இருந்தது. அண்ணன் மழிப்பதை நிறுத்தி, பிளேடைக் கீழே வைத்துவிட்டார்.

"பாதியில விட்டுடாதே அண்ணே. அரை மூஞ்சியோட மேல போனா அங்க எவன் உள்ள விடுவான்?" என்றான் தம்பி. குரல் வெறும் காற்றாக வந்தது.

அரும்பு மீசை வயதில் இருவரும் ஒரே சாயப்பட்டறையில் சேர்ந்தவர்கள். ஒரே சிகரெட்டைப் பங்குபோட்டு இழுத்தவர்கள். சாயமும் புகையும் வரவழைக்கும் புற்றுநோய் தம்பியின் சிறுநீர்ப்பையில் மட்டும் வந்து உட்கார்ந்தது. அண்ணன் ப்ராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்காக ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டு வந்தார். அதைப் போடுகிறவர்களுக்கு இந்தப் புற்றுநோய் குறைவாக வருகிறதோ என்று ஆராய்கிறார்கள் என அவருடைய டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாத்திரை அட்டையோடு தம்பியின் டாக்டரம்மா முன்னால் போய் நின்றார். சில ஆய்வுகளில் அப்படித் தெரிகிறது, சிலவற்றில் இல்லை, யாரும் உறுதியாகச் சொல்லவில்லை என்றார் அவர். இவ்வளவு முற்றியபின் இது மருந்தும் அல்ல என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த அண்ணன் தன் மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது, நுரைக்கு நடுவே, வாய்விட்டு வந்துவிட்டது.

"என்னை அந்த மாத்திரைதான் காப்பாத்திச்சோ என்னவோடா. உனக்கும் அப்பவே..."

தம்பி கண்ணைத் திறந்தான்.

"காப்பாத்தியிருந்தா நல்லதுதானே. ஒருத்தனாவது தப்பிச்சோம்." மூச்சு வாங்கினான். "நிறுத்திட்டியாமே. அட்டையப் பாத்துட்டு அண்ணி சொன்னாங்க."

அண்ணன் துண்டைப் பிழிந்தார்.

"போடு அண்ணே. நீ ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து ஒண்ணுக்குப் போனா, அவங்களுக்கு ஏது தூக்கம்?"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த முகத்தோடேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிச்சக் கன்னத்தையும் மழித்து, தாடையைத் திருப்பிப் பார்த்து, மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்றார்.

மதியம் மனைவியின் கை நெற்றியில் இருக்க, தம்பியின் மூச்சு சத்தமில்லாமல் நின்றது.

சாயங்காலம் உடலை எடுத்துப்போக வண்டி வந்தது. தம்பியின் ஸ்கூட்டர் வாசலில் குறுக்கே நின்றதால் வண்டி ரிவர்ஸில் வர இடமில்லை. சாவி எங்கே என்று உள்ளே தேடினார்கள். யாரோ உதவிக்கு வந்தார்கள். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தார். பூட்டிய முன்சக்கரத்தைத் தானே தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினார். சாய்ந்துவிடாதபடி சீட்டின் மேல் கைவைத்து நின்றுகொண்டார்.