ஏரியில் இறங்கிய மாப்பிள்ளை

திண்டிவனத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் புவியியல் ஆசிரியர். பல வருஷமாகப் பிள்ளைகளுக்கு வரைபடம் பார்க்கச் சொல்லித் தருகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்கும்போது என் மாணவர்களை நினைத்து உங்களுக்குக் கவலை வரலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் ஒரு தேசியப் பூங்காவுக்குள் சைக்கிளில் போக எங்கள் மூன்று பேருக்கு அனுமதி கிடைத்தது. நான், எங்கள் பள்ளியிலேயே கணக்கு நடத்தும் இளவரசி, விழுப்புரத்தில் பல் டாக்டராக இருக்கும் சீனுவாசன். தார் ரோடு கிடையாது. மண்ணும் சரளைக்கல்லும் கலந்த காட்டுப்பாதை, மேடும் பள்ளமுமாக ஒரு முழு நாள். அதற்கென்றே கிராவல் பைக் என்று ஒரு சைக்கிள் விற்கிறார்கள். பார்வைக்கு ரேஸ் சைக்கிள் மாதிரிதான் இருக்கும், டயர் மட்டும் தடிமன். வாங்கினேன்.

எங்கள் பக்கத்தில் கிராவல் என்றால் ரோட்டுக்கும் மனைக்கும் அடிக்கிற செம்மண். என் மனைவியின் தம்பி பிரவீன்குமார் டிப்பர் லாரி வைத்து அந்தத் தொழில்தான் செய்கிறான். விஷயம் கேள்விப்பட்டு போன் செய்தான்.

"இன்னா மாமா, திடீர்னு கிராவல் லைன்ல எறங்கிட்டீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. சைக்கிள்ல எவ்ளோ மாமா ஏத்த முடியும்?"

விளக்கிச் சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாமா, ஒடம்பைப் பார்த்துக்குங்க" என்று வைத்துவிட்டான்.

மூன்று பேரில் மிதிப்பதில் நான்தான் மூன்றாவது. மேம்பாலம் ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். அதனால் திட்டம் போடும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கடைசியாக வருகிறவன் தலைவனாகவும் இருக்க வேண்டும் என்றால் வேறு வழி இல்லை. பள்ளி விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, எந்தச் சரிவு எவ்வளவு செங்குத்து, எந்த ஓடையில் தண்ணீர் பிடிக்கலாம், யானை இடது பக்கம் வந்தால் என்ன செய்வது, வலது பக்கம் வந்தால் என்ன செய்வது என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். சீனுவாசன் எல்லாவற்றுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். இளவரசி மட்டும், "சார், இன்னிக்கு சாயங்காலம் கொஞ்சம் மிதிச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்பார். "இன்னிக்கு முடியாது டீச்சர், பிளான் வேலை இருக்கு" என்பேன்.

என் மனைவி கலையரசி ஒருநாள் எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன செவப்பு அம்புக்குறி?"

"யானை தொரத்தினா ஓட வேண்டிய தெசை."

"யானை தொரத்தினா நீங்க இன்னா பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கு அம்பு எதுக்கு?"

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் ஒத்திகை வைத்தேன். திண்டிவனத்தில் கிளம்பி மண் ரோடாகவே போய் விழுப்புரத்தில் முடிப்பது. வழியை நான்தான் வரைந்தேன். அதில் யாருக்கும் சொல்லாத ஒரு விசேஷம் இருந்தது. விக்கிரவாண்டிக்கு மேற்கே கலையரசியின் ஊர். என் மாமனார் வீட்டு வாசலில், தெருவே பார்க்க, ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகப் போய் இறங்க வேண்டும். அந்த ஊருக்கு நான் போகும்போதெல்லாம், "வாத்தியாரு வெயில் தாங்க மாட்டாரு, நெழல்ல ஒக்காருங்க" என்று நாற்காலியை நகர்த்திப் போடுவார்கள். அந்தப் பேச்சை மாற்றிக் காட்ட ஆசை. கலையரசியிடம்கூடச் சொல்லவில்லை.

ஊருக்குக் குறுக்குவழி ஏரிக்குள்ளேதான். ஒவ்வொரு மே மாதமும் எங்கள் பிள்ளைகளை வண்டியில் உட்காரவைத்து அந்த வழியாகத்தான் போய்வருகிறேன். செயற்கைக்கோள் படத்திலும் வெள்ளைக்கோடாகத் தெளிவாகத் தெரிந்தது.

பனி விலகாத நேரத்தில் கிளம்பினோம். கால்வாய்க் கரை, சவுக்குத்தோப்பு, கரும்புக் கொல்லைகள் என்று வழி நன்றாகவே போனது. இளவரசி முன்னால், சீனுவாசன் நடுவில், தலைவன் பின்னால். ஏரிக்கரை ஏறியதும் முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு நானும் போய்ச் சேர்ந்தேன்.

"சார், ஏரி" என்றார் இளவரசி.

"ஆமா டீச்சர், ஏரிதான்."

"தண்ணி இருக்கு சார்."

இருந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை இருந்தது. நாரை நின்றுகொண்டிருந்தது. கையில் இருந்த போன் மட்டும் நேராகப் போகச் சொன்னது. வடகிழக்குப் பருவமழையில் நம் ஏரிகள் நிரம்பும், மாசி பங்குனிவரை தண்ணீர் நிற்கும் என்று அந்த வாரம்தான் பத்தாம் வகுப்பில் நடத்தியிருந்தேன். கேள்வி கேட்டபோது கடைசி பெஞ்சுகூடச் சரியாகப் பதில் சொன்னது.

"கரை மேலேயே சுத்திப் போயிடலாம் சார்" என்றார் இளவரசி.

அங்கேயே சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றிப் போனால் என் திட்டம் தப்பு என்று ஆகிவிடும்.

"இது ஓரத் தண்ணிதான் டீச்சர், கணுக்கால் நனையும், அவ்ளோதான். பாதை மேடா இருக்கும். எத்தனை வருஷமா போய்வர்ற வழி!"

கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "சார், அங்க எறங்காதீங்க" என்றார். கையைக் காட்டிவிட்டுச் சரிவில் இறங்கினேன்.

கொஞ்ச தூரம் கணுக்கால்தான். திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தேன். அதற்குள் முன்சக்கரம் காணாமல் போனது.

இந்த சைக்கிளுக்கு ஷூவே பெடலோடு மாட்டிக்கொள்ளும். விழப் போகிறோம் என்றால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பி விடுவித்துக்கொள்ள வேண்டும். இதைப் பற்றிக் குழுவில் விளக்கமாக எழுதியிருந்தேன். தண்ணீருக்குள் எது வெளிப்பக்கம் என்று எழுதவில்லை. ஒரு கால் கழன்றது, இன்னொரு கால் கழலவில்லை. மார்பளவு தண்ணீரில், முழங்கால் சேற்றில், சைக்கிளைக் காலில் கட்டிக்கொண்டு நின்றேன், விழுந்தேன், மறுபடி நின்றேன். கரையிலிருந்து சீனுவாசன், "வாயை மூடுங்க சார், வாயை மூடுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த டாக்டர் யாரையாவது வாயை மூடச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

வலைக்காரர் குதித்து வந்து என் அக்குளைப் பிடித்தார். அவர் பெயர் அப்பாதுரை என்று பிறகு தெரிந்தது.

"யோவ், காலை ஒதறுய்யா! சொல்லிக்கினே இருக்கேன், எறங்குற நீ!"

அப்போது கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எழுந்து நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"ஏய் அப்பாதுரை! அது நம்ம கிருஷ்ணசாமி வூட்டு மாப்ளடா!"

அப்பாதுரையின் பிடி தளர்ந்தது. பாதி முழுகிக்கொண்டிருந்த என்னிடம், "மன்னிச்சுக்குங்க மாப்ளே. காலைக் கொஞ்சம் ஒதறுங்க" என்றார்.

என்னை வெளியே இழுத்துப் போடுவதற்குள் ஊருக்குப் போன் போய்விட்டது. மாமனார் கிருஷ்ணசாமி மொபெட்டில் வந்தார், பின்னால் மாமியார் அம்மணி, மடியில் ஒரு வேட்டியும் துண்டும். இவ்வளவு ஜல்தியாக அவர்கள் வந்திருக்க வேண்டாம். நான் போட்டிருந்தது உடம்போடு ஒட்டும் அரைக்கால் சட்டை. உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்தது. அந்தப் பஞ்சு ஏரித் தண்ணீரை நன்றாகக் குடித்து உப்பியிருந்தது. மாமியார் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பி, கரையில் இருந்த வேப்பமரத்திடம் கேட்டார்: "மாப்ளைக்கு அடி கிடி ஒண்ணும் படலையே?"

"இல்லீங்க அத்தை" என்று அவர் முதுகிடம் சொன்னேன்.

பிரவீன்குமார் டிராக்டரோடு வந்து, அப்பாதுரையோடு முழுகித் தேடி, கயிறு கட்டி சைக்கிளை வெளியே இழுத்தான்.

"அங்க போய் எறங்குனீங்களே மாமா! போன வைகாசில நாந்தான் அங்க வண்டல் எடுத்தேன். இன்னும் ரெண்டடி போயிருந்தா ஆளு முழுகுற பள்ளம்."

மாமனார் வீட்டில் என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்கள், நிழலில்தான். கோழி அடித்தார்கள். வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு முறம் வந்தது. இளவரசியும் சீனுவாசனும் கூச்சமில்லாமல் சாப்பிட்டார்கள். யாருமே ஏரியைப் பற்றிப் பேசவில்லை. மாமனார் முகத்தில் சிரிப்பின் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"நீங்க போற காட்டுல யானை கெடக்குதாமே மாப்ளே?"

"ஆமாங்க மாமா."

"அதுக்கும் நீங்கதான் வழி போட்டு வச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க."

அவர் சீனுவாசனையும் இளவரசியையும் ஒருமுறை பார்த்தார். "பார்த்துப் போங்க" என்று அவர்களிடம்தான் சொன்னார்.

சமையலறையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. உடனே யாரோ வாயைப் பொத்தினார்கள், பாத்திரம் உருண்டது. எனக்குக் கோழி இறங்கவில்லை. யாராவது ஒருவர் முகத்துக்கு நேராகச் சிரித்துவிட்டால் தேவலை என்று இருந்தது. மாப்பிள்ளை மரியாதை அவ்வளவு கனமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மதியம் கலையரசி பஸ் பிடித்து வந்தாள். வாசலில் நின்று, அவள் அப்பாவின் வேட்டியில், காதில் சேறு காயாமல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவ்வளவுதான், மொத்த வீடும் அவிழ்ந்துவிட்டது. மாமியார் தூணில் சாய்ந்து சிரித்தார். மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. "வாயை மூடுங்க சார்" என்று சீனுவாசன் நடித்துக் காட்டியபோது நானும் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு ஓய்ந்து நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது கலையரசி கேட்டாள்: "என்கிட்ட ஏன் சொல்லல? தை மாசத்துல ஏரி வழியா போவாதீங்கன்னு சொல்லியிருப்பேனே."

"உங்க ஊர்ல ஒருநாளாவது கெத்தா வந்து எறங்கணும்னு நெனைச்சேன்."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் காதில் இருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள். "நீங்க டவுன் பஸ்ல வந்து எறங்குனாலே இங்க கோழி அடிப்பாங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே திட்டம் போடும் பொறுப்பு இளவரசிக்குப் போனது. குழுவில் அவர் ஒரே ஒரு வரிதான் போட்டார்: "தினமும் சாயங்காலம் மிதிக்கணும், பிளான் அவ்வளவுதான்." மிதித்தேன். முதல் வாரம் படி இறங்க முடியவில்லை. அடுத்த வாரம் மேம்பாலத்தை நிற்காமல் ஏறினேன்.

மாசியில் பூங்காவுக்குப் போனோம். அங்கே வனத்துறைக்காரர்கள் ஒரே ஒரு பாதையைக் காட்டி, முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப், விலகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் ராத்திரி ராத்திரியாகக் குறித்து வைத்த ஓடைகள் எதையும் யாரும் கேட்கவில்லை. மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. யானை வரவில்லை. சாணம் மட்டும் கிடந்தது, புதுசாக.

கடைசி மேட்டில் என்னால் முடியவில்லை. இறங்கித் தள்ளினேன். பின்னால் ஊர்ந்து வந்த ஜீப்பிலிருந்து வனக்காவலர் எட்டிப் பார்த்து, "ஏறிக்கிறீங்களா சார்?" என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், பேச மூச்சு இல்லை. உச்சியில் மற்ற இரண்டு பேரும் முகம் கழுவி, சாப்பிட்டு முடித்து, மரத்தடியில் படுத்திருந்தார்கள். இளவரசி எழுந்து எனக்கென்று மூடி வைத்திருந்த தட்டை நீட்டினார். எலுமிச்சை சாதம், ஆறிப்போயிருந்தது. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.