எருமைப்பாறை ஜெயித்த வருடம்

ரயில் பாதை பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. ஹாலிஎலைக்கு மேலே மலையில் தொங்கிக்கொண்டிருந்த எருமைப்பாறைத் தேயிலைத் தோட்டம், வருடாந்தரப் பந்தாட்டத்தில் ஏழு வருடம் தொடர்ந்து தோற்றது. சும்மா தோற்கவில்லை. பதுளை ரோட்டில் வண்டிக்காரர்கள் படுத்துவிட்ட மாட்டைத் தட்டி எழுப்பும்போது, "எந்திரி, நீ என்ன எருமைப்பாறை ஆளா?" என்று கேட்கும் அளவுக்குத் தோற்றது. மாட்டுக்கும் ரோசம் வந்து எழுந்துவிடுமாம்.

அந்த ஏழு வருடமும் கோல் வாசலில் நின்றவன் ரெங்கசாமி. செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கையில் கொடுத்தால் ஒரு மலையையே மொட்டையடித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். பந்து மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. அது வலப்பக்கம் வந்தால் இடப்பக்கம் பாய்வான். இடப்பக்கம் வந்தால் வலப்பக்கம். ஒரு தடவைகூட இந்த ஒழுங்கு தவறியது கிடையாது.

அதனால் அதிகம் நொந்துபோனது ரெங்கசாமி இல்லை, அவன் பெண்சாதி இராக்கம்மா. அவளுக்குப் பந்தாட்டத்தின் சட்டம் ஒன்றும் தெரியாது. ஆனால் எருமைப்பாறை ஜெயித்தே ஆக வேண்டும் என்று அவளைப் போல் ஏங்கியவர்கள் ஊவா மாகாணம் முழுக்கத் தேடினாலும் இல்லை. பந்து உருளத் தொடங்கினால் அவள் போடுகிற சத்தத்தில் நமுனுகுல மலையில் மேகம் கலையும்.

காரணம், இரண்டு தோட்டத்துத் துரைமாரும் செய்துகொண்ட ஒரு பேச்சு. எதிர்த்த மலையிலிருக்கும் வெள்ளிமலைத் தோட்டத்தோடுதான் எப்போதும் ஆட்டம். தோற்ற தோட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த தோட்டத்து ஆட்களைத் தன் தோட்டத்துக்கே கூப்பிட்டு, ஆண் பெண் அத்தனை பேருக்கும் தேத்தண்ணியும் பணிசு ரொட்டியும் கொடுக்க வேண்டும். அதாவது எருமைப்பாறை ஜெயித்தால்தான் இராக்கம்மா வெள்ளிமலைக்குள் கால் வைக்க முடியும். வெள்ளிமலையில் தனலெட்சுமி இருந்தாள்.

இரண்டு பேரும் முசிறிப் பக்கம் ஒரே தெருக்காரிகள். பதினைந்து வயதில் ஒரே தோணியில் ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியில் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு நடந்து வந்தவர்கள். அப்புறம் பத்து வருடம் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தார்கள். ஒருத்தி இருமினால் மற்றவள் கூடை குலுங்கும் என்பார்கள். ஒரு நாள் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டபோது தனலெட்சுமி இல்லை. வெள்ளிமலைப் பெரிய கங்காணி ஆசை வார்த்தை சொல்லி எருமைப்பாறையிலிருந்து பதினோரு குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அதில் தனலெட்சுமியின் புருசனும் ஒருவன்.

தோட்டத்தை விட்டுப் போவதற்குத் துரை கொடுக்கிற துண்டு இல்லாமல் போனவர்கள் அவர்கள். திரும்ப இந்த மண்ணை மிதித்தால் காலை உடைப்பேன் என்று எருமைப்பாறைக் கங்காணி மாரியம்மன் முன்னால் சூடம் அடித்தான். வந்தவர்களைத் திரும்ப இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் வெள்ளிமலைக் கங்காணி எருமைப்பாறைக் காக்காயைக்கூட உள்ளே விடவில்லை. தேத்தண்ணி நாள் ஒன்றுதான் விதிவிலக்கு. வருடா வருடம் வெள்ளிமலை ஆட்கள் ஜெயித்த கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எருமைப்பாறைக்கு வருவார்கள். அந்தப் பதினோரு குடும்பம் மட்டும் வராது; ஆட்டத் திடலுக்கும் அவர்களை விடுவதில்லை.

இராக்கம்மா தேத்தண்ணி வாளியோடு நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். யாராவது, "என்ன அக்கா தேடுற?" என்றால் உடனே முறுக்கிக்கொள்வாள்.

"தேடலைடி. எஞ் சீப்ப எடுத்துக்கிட்டு ஓடுன திருடி ஒருத்தி அங்க இருக்கா. சீப்பக் குடுத்தனுப்பச் சொல்லு."

அது நிஜம்தான். தனலெட்சுமி போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இராக்கம்மாவின் மாட்டுக்கொம்புச் சீப்பை இரவல் வாங்கிப் போயிருந்தாள். இரண்டு பல் போன சீப்பு. அடுத்த வருடம் வெள்ளிமலைக் கூட்டத்தோடு பதில் வந்தது: "வேணும்னா ஜெயிச்சு வந்து வாங்கிக்கிடச் சொல்லுங்க, அந்த எருமைய."

இப்படி வருடத்துக்கு ஒரு வசவு போகும், ஒரு வசவு வரும். அந்த ஒரு வசவை இராக்கம்மா பன்னிரண்டு மாதம் வைத்துச் சாப்பிடுவாள். கொழுந்து மலையில் மூட்டம் விலகினால் கை தானாக நின்றுவிடும். எதிர்த்த மலையில் எறும்பு மாதிரி ஊர்கிற தலைகளில் எது அவளுடையது என்று பார்ப்பாள். கணக்கப்பிள்ளை அதட்டினால், "சீப்பு எங்க இருக்குன்னு பாக்குறேங்க" என்பாள்.

எட்டாவது வருடம் தை மாதம், பொங்கல் கழிந்த மறுநாள் பதுளை குதிரைப் பந்தயத் திடலில் ஆட்டம். நாலாயிரம் சனம். மரத்தில் இருந்தவர்கள் இதில் சேர்த்தி இல்லை. பதுளைக் கடைத்தெருப் புடவைக்கடை ஸஹாப்தீன் நானா கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். தோற்கிற பக்கம் நிற்பதே அவருக்குப் பிடித்தம். ஏழு வருடமாக எருமைப்பாறைக் கொடிக்கு மஞ்சள் துணி அவர் கொடுப்பதுதான்.

"இந்த முறையும் கொடிய சுருட்டிக்கிட்டுத்தான் போகணுமா, புள்ள?" என்று இராக்கம்மாவைச் சீண்டினார்.

"நீங்க துணியக் கொஞ்சம் நீட்டமாக் கிழிச்சுக் குடுங்க நானா. இந்த வருசம் ஆட்டுறதுக்கு இருக்கு."

வெள்ளிமலைக்காரர்களுக்கு அவர்கள் துரை சப்பாத்து வாங்கிக் கொடுத்திருந்தான். எருமைப்பாறைக்கு வெறுங்கால். ஆனால் முருகையா காலைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. தேயிலை காய வைக்கிற ஸ்டோரில் கொப்பரைக்கு நெருப்புப் போடுகிறவன். நெருப்புக் கங்குகளை மிதித்து மிதித்து உள்ளங்கால் காண்டாமிருகத் தோலாகிவிட்டது. இடைவேளைக்கு அப்புறம் அவன் ஒரு உதை உதைத்தான். பந்து கோலுக்குள் போன வேகத்தில் வலை கிழிந்து, பின்னால் வடை சுட்டுக்கொண்டிருந்தவளின் அடுப்பு அணைந்தது. எருமைப்பாறை ஒன்று, வெள்ளிமலை சைபர். நம்ப முடியாமல் எருமைப்பாறைக்காரர்கள் கொஞ்ச நேரம் அழுதார்கள்.

முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது விசில் ஊதிவிட்டார்கள். எருமைப்பாறைக்காரன் ஒருவன் கையில் பந்து பட்டுவிட்டதாம். வெள்ளிமலைக்குப் பெனால்டி. ரெங்கசாமி தனியே நின்றான். எதிரே பத்து றாத்தல் சப்பாத்தோடு ஒரு தடியன்.

இராக்கம்மாவுக்குக் கண் முன்னால் ரெங்கசாமி தெரியவில்லை, பந்து தெரியவில்லை. எட்டாவது தடவை தேத்தண்ணி வாளியோடு நிற்கிற தன்னைத்தான் கண்டாள். தடியன் ஓடி வந்தான். ரெங்கசாமி இடப்பக்கம் பாய முழங்காலை மடக்கினான்.

"அடேய் ரெங்கசாமீ! நில்லுடா!"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இராக்கம்மா கல்யாணம் ஆன நாளிலிருந்து புருசன் பேரை வாயால் சொன்னதில்லை. ஸ்ரீரங்கத்துப் பெருமாளைக்கூடக் 'காவேரிக் கரையில படுத்திருக்காரே, அந்தச் சாமி' என்றுதான் கும்பிடுவாள். அப்பேர்ப்பட்டவள் நாலாயிரம் பேருக்கு நடுவில், அதுவும் அடேயும் டாவும் சேர்த்துக் கூப்பிட்டதும் ரெங்கசாமி நட்ட கல்லாக நின்றுவிட்டான். மடங்கின முழங்கால் மடங்கினபடி, திறந்த வாய் திறந்தபடி. வந்த பந்து அவன் நெஞ்சில் அறைந்து, திரும்பப் பாதித் திடலுக்குப் போய் விழுந்தது. ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதினார்கள்.

அதன் பிறகு நடந்ததை இருக்கிறது இருக்கிறபடி சொன்னாலே பொய் என்பார்கள். தப்பு மேளம் அடித்தவனின் கை வீங்கியது. மஞ்சள் கொடி கடைத்தெரு முழுக்கச் சுற்றியது. ஸஹாப்தீன் நானா தொப்பியை மேலே எறிந்து, அது யார் தலையிலோ இறங்கி, இன்றுவரை திரும்பவில்லை. வெள்ளிக் கிண்ணத்தில் சர்பத் ஊற்றி ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். இராக்கம்மாவைக் கண்டவர்களெல்லாம் கத்தினார்கள்.

"மதினி, இன்னொரு தரம் அண்ணன் பேரச் சொல்லுங்க!"

"போங்கடா, அது ஒரு வாட்டிதான் வரும்."

ரெங்கசாமி நெஞ்சைத் தடவிக்கொண்டு பக்கத்தில் வந்து, மெதுவாக, "என்னா புள்ள, எம் பேரு அம்புட்டு நல்லாவா இருக்கு?" என்றான். இராக்கம்மா சிரிக்கவில்லை. மலைப்பக்கம் திரும்பி நின்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அந்த ஐந்து நாளும் தோட்டம் ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தது. இராக்கம்மா மட்டும் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, வாரவும் இல்லை.

"ஏன்டி இப்புடிப் பேய் மாதிரி இருக்க?" என்றார்கள்.

"எஞ் சீப்பு வந்ததும் வாருவேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முருகையா கிண்ணத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்க, தப்புச் சத்தத்தோடு எருமைப்பாறை முழுவதும் பள்ளத்தில் இறங்கி ஆற்றைத் தாண்டி வெள்ளிமலை ஏறியது. வாசலில் வெள்ளிமலைக்காரர்கள் உம்மென்று நின்றார்கள். "எருமைங்க வந்துருச்சு, வைக்கோலப் போடுங்கப்பா" என்று ஒருவன் முனகினான். "வைக்கோல் வேணாம் மச்சான், பணிசு போதும்" என்றான் ரெங்கசாமி. இரண்டு பக்கமும் சிரித்துவிட்டது.

இராக்கம்மா பணிசு வாங்கவில்லை. நேரே ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனாள். வழியெல்லாம் மனசுக்குள் வசவைக் கோத்துக்கொண்டே போனாள். ஏழு வருடத்து வசவு. தனலெட்சுமியின் காம்பரா எது என்று கேட்டதும், பக்கத்துக் காம்பராக்காரி வாசலில் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்கதான் இராக்கம்மாவா?"

"ஆமா. எங்க அந்தத் திருடி?"

"தனம் அக்கா இங்க இல்லீங்களே. கார்த்திகையில அவுக வீட்டுக்காரருக்குத் துண்டு கிடைச்சிச்சு. கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைக்குப் போயிட்டாக."

கார்த்திகை, மார்கழி, தை. இரண்டு மாதத்துக்கு மேல். அத்தனை நாளும் மூட்டம் விலகினபோதெல்லாம் யாருமில்லாத மலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கோத்து வைத்த வசவுக்கு ஆள் இல்லை. வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். களத்தில் தப்பு அடித்தார்கள், "எருமைப்பாறை! எருமைப்பாறை!" என்று கூப்பாடு.

பக்கத்துக் காம்பராக்காரியும் அருகில் உட்கார்ந்தாள். "அது ஒங்களத்தான் எதிர்பார்த்துக் கிடந்துச்சுன்னு எனக்கு அப்பயே தெரியும்க்கா. வருசா வருசம் நாங்க ஜெயிச்சிட்டு ஆடிக்கிட்டு வருவோம். தனம் அக்கா மட்டும் அடுப்புக்கு முன்னால மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கும். 'பாழாப்போன பந்து இந்த வருசமும் உள்ள போயிருச்சேடி'ங்கும். ஒரு வருசம் நம்ம ஆளுங்க தோக்கணும்னு முனியாண்டிக்குச் சேவல் நேந்துக்கிட்டிச்சு. வெளிய தெரிஞ்சா கங்காணி தோலை உரிச்சிருப்பான்."

"சேவலா?" என்றாள் இராக்கம்மா. "நான் ஆடு நேந்தேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இராக்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

காம்பராக்காரி உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்தாள். "போறப்பக் குடுத்திட்டுப் போனிச்சு. எருமைப்பாறை என்னைக்காச்சும் ஜெயிக்கும், அன்னைக்கு ஒருத்தி தலைய விரிச்சிப் போட்டுக்கிட்டு வருவா, குடுத்திருன்னிச்சு."

மாட்டுக்கொம்புச் சீப்பு. போன பல் இரண்டும் போனபடி, மீதிப் பல் அத்தனையும் எண்ணெய் ஊறிப் பளபளவென்று இருந்தன. ஒரு நாள் தவறாமல் வாரியிருக்கிறாள்.

இராக்கம்மா அதை எடுத்து மோந்து பார்த்தாள். தலைக்குக் கொண்டுபோகவில்லை. திரும்ப அதே துணியில் வைத்து முடிந்தாள். ஏழு வருடமாகக் கேட்டது கையில் இருந்தது. இனி எதைச் சொல்லிக் கேட்பது?

மறுநாள் சாயங்காலம் முருகையாவின் காம்பரா வாசலில் போய் நின்றாள்.

"தம்பி, அந்தப் பந்து என்கிட்டக் குடு."

"எந்தப் பந்து? ஜெயிச்ச பந்தா? அது சாமிக்குப் பக்கத்துல இருக்கு மதினி. பொட்டுக்கூட வச்சாச்சு."

"சாமி என்னா, உதைக்கவா போகுது? யாரு சத்தத்துல ஜெயிச்சீங்க?"

முருகையா உள்ளே போய் எடுத்து வந்தான். பந்தைக் கொடுத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு இராக்கம்மா பதுளைக்கு நடந்தாள். ஸஹாப்தீன் நானா கடை வாசலில் புடவை மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மாதம் ஒரு தடவை கொஸ்லந்தைத் தோட்டங்களுக்கு வியாபாரத்துக்குப் போகிறவர்.

"நானா, இதை மீரியபெத்தையில தனலெட்சுமிங்கிறவகிட்டக் குடுக்கணும். இந்த முடிச்சையும்."

நானா பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குங்குமப் பொட்டு இன்னும் இருந்தது. "அங்க பந்து அடிக்கிற ஆளே இல்லியே, புள்ள. அவங்க இத வச்சி என்ன செய்யிற?"

"அடிச்சுப் பழகச் சொல்லுங்க. பழகிட்டு, எருமைப்பாறையோட ஆட்டத்துக்கு வரணும்னு அவங்க துரைகிட்டக் கேக்கச் சொல்லுங்க. தோத்தா எங்களுக்குத் தேத்தண்ணி குடுக்கணும்னு மறக்காமச் சொல்லுங்க."

"அதுக்கு எத்தன வருசம் போகுமோ?"

"போகட்டும்."

"சரி, முடிச்சில என்ன இரிக்கி?"

"சீப்பு. ஆளு கையில குடுத்தனுப்புன சாமானெல்லாம் நான் வாங்க மாட்டேன்னு சொல்லுங்க. அவ கையால குடுக்கச் சொல்லுங்க, அந்தத் திருடிய."

நானா முடிச்சைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். புடவை மூட்டைகளுக்கு மேலே பந்தை உட்கார வைத்தார். வண்டி கிளம்பியது. குலுங்குகிற ஒவ்வொரு குலுக்கலுக்கும் பந்து எழும்பி எழும்பி உட்கார்ந்தது. இராக்கம்மா விரித்த தலையோடு ரோட்டின் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வளைவுக்குப் போனதும் ஏதோ ஞாபகம் வந்தவளாய்ச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். திடலில் ரெங்கசாமியைக் கல்லாக்கிய அதே குரலில் கத்தினாள்:

"நானா! ரொம்ப நல்லாப் பழகிட வேணாம்னு சொல்லுங்க!"